எல்லை தாண்டினால் முதல் ஊர்

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் போய்ச் சேரும் ஊர்களில் பெரும்பாலானவை அழகுக்குப் பேர்போனவை அல்ல. ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் ஒரு சாலையோரச் சிற்றூர். அமெரிக்காவின் எல்க்டன் ரயில் நின்று போகும் சின்ன மாவட்டத் தலைநகர். லாஸ் வேகாஸ் பாலைவனத்தின் நடுவே ரயில்பாதைக்காக எழும்பிய ஊர். பக்கத்து நாட்டிலோ மாநிலத்திலோ திருமணச் சட்டம் கெடுபிடியாக இருந்தது, இங்கே தளர்வாக இருந்தது; எல்லையைத் தாண்டியதும் கைக்கெட்டிய ஊர் இது. இவற்றின் புகழுக்குக் காரணம் அவ்வளவுதான். இத்தகைய ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் காதல் கதைகளைவிடச் சட்டப் பிரிவுகளும் சாலை வரைபடமும்தான் அதிகம் உதவும்.

இடைக்கால ஐரோப்பாவில் இதற்காக ஊர் விட்டு ஊர் ஓட வேண்டியிருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் உறுதிப்பட்ட திருச்சபைச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் மணந்ததாக வாய்விட்டுச் சொல்லிவிட்டாலே மணம் முடிந்தது. குருவானவர் வேண்டாம், பெற்றோர் சம்மதம் வேண்டாம். ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது ஆகியிருந்தால் போதும். ரகசியத் திருமணத்தைத் திருச்சபை பாவம் என்று கண்டித்தது. ஆனால் செல்லாது என்று தள்ளவில்லை. இதனால் வந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆளில்லாத இடத்தில் கொடுத்த வாக்கை ஒருவர் மறுத்துவிட்டால் மற்றவர் எதை வைத்து நிரூபிப்பது? இந்தத் தொல்லையை ஒழிக்க 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று விதித்தது. அதற்குள் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ரோமாபுரியின் பிடியிலிருந்து விலகியிருந்தன. கத்தோலிக்க நாடுகள் கைவிட்ட பழைய கத்தோலிக்கச் சட்டம் இந்தப் புராட்டஸ்டண்ட் தீவில் அப்படியே தங்கிவிட்டது. கிரெட்னா கிரீனின் வேர் இங்கே இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை இங்கிலாந்துக்காரர்கள் ஸ்காட்லாந்துவரை போகத் தேவையில்லாமல் லண்டனுக்குள்ளேயே ஓர் இடம் இருந்தது: ஃப்ளீட் சிறைச்சாலை. அது கடனாளிகளின் சிறை. கடன்பட்டு உள்ளே வந்த பாதிரிமாருக்குப் பறிபோகப் பதவியும் இல்லை, அபராதம் கட்டப் பணமும் இல்லை. தேவாலயத்தில் முன்கூட்டியே மண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், லைசென்ஸ் வாங்காமல் மணம் செய்துவைக்கும் பாதிரியாருக்கு 100 பவுன் அபராதம் என்று சட்டம் மிரட்டினால், ஏற்கெனவே கடனுக்காக உள்ளே கிடப்பவர் எதற்குப் பயப்படுவார்? சிறைக்குள்ளிருந்த தேவாலயத்தில் கெடுபிடி வந்ததும் தொழில் சுற்றுத்தெருக்களின் சாராயக்கடைகளுக்கு மாறியது. ஆண் கையும் பெண் கையும் கோத்த படம் போட்ட பலகை வாசலில் தொங்கும். தரகர்கள் போகிற வருகிறவர்களைக் கைப்பிடித்து இழுப்பார்கள். கூடுதலாகக் காசு கொடுத்தால் பதிவேட்டில் பழைய தேதி போட்டுத் தருவார்கள். வயிற்றில் பிள்ளையோடு வந்த பெண்ணுக்கு அது பெரிய உபகாரம். அந்தப் பதிவேடுகளை 1821இல் அரசு விலைக்கு வாங்கியது. அவை இப்போது பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

கையில் காசுள்ளவர்கள் மேஃபேர் பகுதியில் அலெக்சாண்டர் கீத் என்ற பாதிரியார் நடத்திய சிற்றாலயத்துக்குப் போனார்கள். 1752 பிப்ரவரி 14 அன்று நள்ளிரவு தாண்டிய பிறகு ஹாமில்டன் கோமகன் அங்கே வந்து நின்றார். கூட வந்த எலிசபெத் கன்னிங் அயர்லாந்தில் வளர்ந்த ஏழை அழகி. மோதிரம் வாங்க நேரமில்லாததால் கட்டில் திரைச்சீலையின் வளையத்தைக் கழற்றிப் பெண்ணின் விரலில் மாட்டினார்கள்.

அடுத்த ஆண்டே இதற்கெல்லாம் முடிவு கட்டும் சட்டம் வந்தது. கணவன் இறந்தபின் வேறொருத்தி வந்து நான்தான் முதல் மனைவி என்று வழக்காடிய ஒரு ஸ்காட்லாந்து மேல்முறையீடு பிரபுக்கள் சபையைச் சலிப்படைய வைத்திருந்தது. லார்ட் சான்சலர் ஹார்ட்விக் பிரபு 1753இல் கொண்டுவந்த சட்டப்படி, தேவாலயத்தில் ஓலை வாசித்தோ உரிய லைசென்ஸ் பெற்றோதான் மணம் நடக்க வேண்டும். லைசென்ஸில் மணப்பவருக்கு 21 வயது ஆகவில்லையென்றால் தகப்பனாரின் சம்மதம் வேண்டும். மீறி மணம் செய்துவைக்கும் பாதிரியாருக்கு 14 ஆண்டு நாடுகடத்தல். யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு. மசோதாவை மக்கள் சபையில் எதிர்த்துக் கர்ஜித்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி ஃபாக்ஸ். 1744இல் ரிச்மண்ட் கோமகனின் மகளை அவள் வீட்டாருக்குத் தெரியாமல் மணந்தவர் அவர். சொந்த அனுபவம் பேசியிருக்கும். சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வரும் என்பதால் முந்தின நாள் ஃப்ளீட்டில் கூட்டம் நெருக்கியடித்தது. அன்றைக்கு அங்கே 217 திருமணங்கள் பதிவாயின.

சட்டத்தின் உள்நோக்கத்தில் அன்றைக்கு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. மணமான பெண்ணின் அசையும் சொத்து முழுவதும் கணவனுடையது, நிலத்தின் வருமானமும் அவனுடையது என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். பணக்கார வீட்டுப் பெண்ணை ஒருவன் பேசி மயக்கி ஒரு மணி நேரத்தில் மணந்துகொண்டால், தலைமுறைச் சொத்து கைமாறிவிடும். பிரபுக்கள் சபை காக்க நினைத்தது மகள்களைவிட அவர்களோடு போகும் சீதனத்தை. சாதாரண ஜனங்களுக்கு இதனால் கிடைத்த ஒரே நன்மை ஒழுங்கான பதிவேடு.

ஆனால் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. அங்கே பழைய முறையே நீடித்தது: சாட்சிகள் முன்னால் இருவரும் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டால் போதும். இங்கிலாந்திலிருந்து போகிறவர்களுக்கு வழிகள் பல இருந்தன. கிழக்குக் கரையில் லாம்பர்ட்டன் சுங்கச்சாவடி, நடுவே கோல்ட்ஸ்ட்ரீம் பாலம், அயர்லாந்திலிருந்து படகில் வருவோருக்கு போர்ட்பேட்ரிக். தெற்கே இருந்தவர்கள் சவுத்தாம்ப்டனில் கப்பலேறி கெர்ன்சி தீவுக்கும் போனார்கள். இவற்றையெல்லாம் மிஞ்சிக் கிரெட்னா பேரெடுத்ததற்குச் சாலைதான் காரணம். லண்டனிலிருந்து வடமேற்கே போகும் பாதையில் இங்கிலாந்தின் கடைசி நகரம் கார்லைல். அங்கிருந்து 16 கிலோமீட்டர் போல ஓட்டினால் சார்க் என்ற சிற்றாறு, தாண்டினால் ஸ்காட்லாந்து. 1770களில் புதிய கட்டணச் சாலை போட்டபோது, எல்லைக்கு அப்பால் அதில் முதலில் வந்த ஊர் கிரெட்னா கிரீன்.

லண்டனிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணம் வாடகைக் குதிரைகளில் நடந்தது. பத்துப் பதினைந்து மைலுக்கொரு விடுதியில் குதிரை மாற்ற வேண்டும். இரவு பகலாக ஓட்டினாலும் நாள்கணக்கில் ஆகும். செலவும் அதிகம். ஆகவே தூரத்திலிருந்து வந்தவர்கள் வசதி படைத்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் கதைகள் மிஞ்சின. பக்கத்து மாவட்டங்களிலிருந்து நடந்தே வந்து மணந்துபோன பண்ணையாட்களையும் நெசவாளிகளையும் யாரும் பாடவில்லை.

கொல்லன் பட்டறையில், இரும்படிக்கும் பட்டடையின் மேல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மணம் முடித்துவைப்பார்கள் என்பது உலகமறிந்த படம். மணம் செய்துவைத்தவர்களுக்குப் 'பட்டடைப் பாதிரி' என்றே பெயர். உண்மையில் பேர்பெற்ற எவரும் கொல்லர் இல்லை. ஜோசப் பெய்ஸ்லி புகையிலை விற்றவர், கள்ளக்கடத்தலில் பழகியவர், பிராந்திப் பிரியர். முதுமையில் அசையமுடியாத பருமன். அவருடைய பேத்தியை மணந்து தொழிலுக்கு வந்த ராபர்ட் எலியட் 1842இல் தன் நினைவுகளைப் புத்தகமாகவே போட்டார். டேவிட் லாங்குக்குப் பிறகு அவர் மகன் சைமன் லாங். சட்டப்படி பார்த்தால் இவர்கள் யாருமே தேவையில்லை; வழிப்போக்கர் இருவர் சாட்சி நின்றாலும் மணம் செல்லும். ஆனால் ஆங்கிலேயருக்குச் சடங்கு இல்லாத கல்யாணத்தில் நம்பிக்கை வரவில்லை. அந்த நம்பிக்கைக்குறைவுதான் இவர்களுக்குச் சோறு போட்டது. பெயரும் ஊரும் கேட்பார், தனியாள்தானா என்று கேட்பார், கைகளைக் கோக்கச் சொல்வார், மோதிரம் மாட்டச் சொல்வார், சீட்டில் கையெழுத்து. பத்து நிமிட வேலை. கூலி ஆளைப் பொறுத்தது: வண்டியையும் கோட்டுத் துணியையும் பார்த்தே தொகை சொல்வார்கள். குதிரை ஓட்டி வரும் பையன் எந்த விடுதி வாசலில் வண்டியை நிறுத்துகிறானோ அங்கே அவனுக்குத் தரகு. ஊர் திரும்பியபின் பலர் மறுபடி ஒருமுறை தேவாலயத்தில் மணந்துகொண்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

இந்த ஓட்டங்களில் அதிகம் பேசப்பட்டது 1782 மே மாதம் நடந்தது. லண்டன் வங்கி முதலாளி ராபர்ட் சைல்டின் ஒரே மகள் சாரா, வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவோடு கிளம்பிவிட்டாள். தகப்பனார் துரத்தினார். எல்லைக்குப் பக்கத்தில் நெருங்கிவிட்டபோது அவர் வண்டிக்குதிரையைச் சுட்டு வீழ்த்தித் தப்பினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சைல்டின் பதிலடி துப்பாக்கி இல்லாமல் வந்தது. பிரபுவின் வாரிசுக்குக் காலணா போய்ச் சேராதபடி, மகளின் மூத்த மகளுக்குச் சொத்து போகும் வண்ணம் உயில் எழுதிவிட்டு அதே ஆண்டு இறந்துபோனார். அப்படி வங்கிக்கே உரிமையாளரான பேத்திதான் லண்டன் சமூகத்தை ஆட்டிவைத்த ஜெர்சி சீமாட்டி. 1845இல் அந்தச் சீமாட்டியின் மகள் அடீலா ஒரு ராணுவக் கேப்டனோடு வீட்டைவிட்டுப் போனாள். போன இடம், கிரெட்னா கிரீன்.

இங்கிலாந்தின் உச்ச நீதிப்பதவியான லார்ட் சான்சலர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் மூவர் இந்த வழியில் மணந்தவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. ஜான் ஸ்காட் 1772இல் நியூகாஸில் நகரில் ஏணி வைத்துப் பெஸ்ஸி சர்ட்டீஸை இறக்கி ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பதவி அதனால் போயிற்று. பின்னாளில் எல்டன் பிரபு என்ற பெயரில் கால் நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்து, நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த பணக்காரப் பெண்களைக் கிளப்பிக்கொண்டு போனவர்களை விசாரித்தார். எர்ஸ்கின் பிரபு கிரெட்னாவுக்குப் போன 1818இல் அவருக்கு வயது 68. கூடவந்த பெண்ணோடு ஏற்கெனவே பிள்ளைகள் உண்டு. ஸ்காட்லாந்தில் மணந்தால் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் ஆவார்கள் என்ற எண்ணம். மூத்த குடும்பத்தின் கண்ணில் படாமலிருக்கப் பெண்வேடத்தில் போனார் என்றும் ஊர் சொல்லிற்று. மூன்றாமவர் புரூம் பிரபு, 1819இல் கோல்ட்ஸ்ட்ரீமில் மணந்தவர். இவர் பெயர் மறுபடி வரும்.

எல்லா ஓட்டமும் இருவர் சேர்ந்து ஓடிய ஓட்டமல்ல. 1826 மார்ச்சில் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட், லிவர்பூலில் படித்துக்கொண்டிருந்த 15 வயது எல்லன் டர்னரை, தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று பொய்ச்செய்தி அனுப்பி வரவழைத்தார். தகப்பனார் கடனில் மூழ்கிவிட்டார், இந்தக் கல்யாணம் நடந்தால்தான் சொத்து தப்பும் என்று நம்பவைத்துக் கிரெட்னாவில் டேவிட் லாங் முன் மணந்துகொண்டு பிரான்சின் கலே நகருக்குக் கொண்டுபோனார். சிறுமியின் சித்தப்பா, பெரியப்பாமார் தேடிப்போய் மீட்டார்கள். 1827இல் லங்காஸ்டரில் நடந்த வழக்கில் வேக்ஃபீல்டுக்கு மூன்றாண்டு சிறை. திருமணத்தை நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டு ரத்து செய்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட லாங், திரும்பும் வழியில் குளிர்கண்டு இறந்தார். வேக்ஃபீல்ட் சிறையில் உட்கார்ந்து குடியேற்றத் திட்டம் வகுத்தார். தெற்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவரை முன்னோடி என்று கொண்டாடின. எல்லன் 19 வயதில் பிரசவத்தில் இறந்தாள்.

1848 வாக்கில் ரயில் எல்லையைத் தாண்டியதும் கூட்டம் பெருகியது. செலவு குறைந்ததால் கைத்தொழிலாளர்களும் வேலைக்காரப் பெண்களும் வரத்தொடங்கினார்கள். பிரபுக்கள் ஓடியவரை பொறுத்திருந்த நாடாளுமன்றத்துக்கு இது பொறுக்கவில்லை. 1856இல் வந்த சட்டம், மணப்பவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்றது. கொண்டுவந்தவர் கோல்ட்ஸ்ட்ரீமில் மணந்த அதே புரூம் பிரபு. துரத்தி வருகிற தகப்பனுக்கு மூன்று வாரம் கிடைத்தால் பிறகென்ன ஓட்டம்? தொழில் படுத்துவிட்டது. 1882இல் மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்ற சட்டம் வந்ததும், பணக்கார வாரிசுகளைக் கிளப்பிக்கொண்டு போவதில் லாபமும் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டறை காட்சிப்பொருளாயிற்று. பட்டடையைத் தட்டிப் பார்க்கச் சுற்றுலாக்காரர் வந்தார்கள். கூடவே மணம் செய்கிறவர்களும் திரும்பினார்கள். 1927 முதல் அங்கே பட்டடைப் பாதிரியாக இருந்த ரிச்சர்ட் ரென்னிசன் செய்துவைத்த திருமணங்கள் 5,147. 1940 ஜூலை 1 முதல் வாய்ச்சொல் திருமணமே செல்லாதென்று சட்டம் வந்தபோதுதான் அவர் தொழில் முடிந்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே கதை ஐம்பது கிரெட்னாக்களோடு நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு திருமணச் சட்டம். 1913இல் டெலவேர் மாநிலம் காத்திருப்புக் காலம் விதித்ததும், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா ஜோடிகள் அடுத்த மாநிலமான மேரிலாந்தில் ரயில் நிற்கும் முதல் மாவட்டத் தலைநகரான எல்க்டனில் இறங்கினார்கள். வண்டியிலிருந்து காலை வைக்குமுன் டாக்சிக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள்: லைசென்ஸ் அலுவலகம், பிறகு பாதிரியார் வீடு, பிறகு அடுத்த ரயில். கிரெட்னாவின் குதிரைக்காரப் பையன் வாங்கிய தரகை இங்கே டாக்சி ஓட்டுநர் வாங்கினார். 1938இல் மேரிலாந்து 48 மணி நேரக் காத்திருப்பு விதித்ததும் கூட்டம் வடிந்தது.

மேற்கே, குடிபோதையில் நடக்கும் கல்யாணங்களைத் தடுக்கவென்று 1927இல் கலிஃபோர்னியா மூன்று நாள் காத்திருப்பு விதித்தது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் அரிசோனாவின் யூமாவுக்கும் நெவாடாவின் ரீனோவுக்கும் பறந்தார்கள். நெவாடா ஒருபடி மேலே போய், 1931இல் ஆறு வாரம் தங்கினாலே விவாகரத்து என்றது. அதே ஆண்டு சூதாட்டமும் சட்டபூர்வமாயிற்று. ஒரே நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு வாசல் வழியாக உள்ளே போவோரும் இன்னொன்றின் வழியாக வெளியேறுவோரும் இருந்தால் வியாபாரத்துக்குக் குறைவேது? லாஸ் வேகாஸ் இந்த மரபில் பிந்தி வந்து எல்லோரையும் முந்தியது. 1965 ஆகஸ்ட் 26 நள்ளிரவுக்குப் பின் மணப்பவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையில் சலுகை இல்லை என்று அதிபர் ஜான்சன் ஆணையிட்டார். அன்று அந்த மாவட்டத்தில் 171 ஜோடிகள் மணந்தார்கள். அவர்களில் 67 ஜோடிகளுக்கு மணம் முடித்துவைத்தவர் ஒரே நீதிபதி. 1754 மார்ச் 24இன் ஃப்ளீட் தெருவை நினைவூட்டும் இரவு. 2004இல் அங்கே கொடுத்த திருமண லைசென்ஸ்கள் சுமார் 1,28,000. அதற்குள் ஓடிவருகிறவர்கள் அருகி, ஓடிவந்ததுபோல் நடித்துப் பார்க்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எல்விஸ் வேடக்காரர் தாரைவார்த்துக் கொடுப்பது அந்த நடிப்பின் பகுதி.

மத்திய தரைக்கடலில் சைப்ரஸின் கதை வேறு. லெபனானிலும் இஸ்ரேலிலும் உள்நாட்டில் மதச்சார்பற்ற பதிவுத் திருமணம் கிடையாது. வேறு மதத்தவரை மணப்பவர்களுக்கு மதகுருமார் பெரும்பாலும் மணம் முடித்துவைப்பதில்லை. ஆனால் இரு நாடுகளும் வெளிநாட்டில் முடிந்த திருமணத்தைப் பதிவு செய்துகொள்கின்றன. சைப்ரஸில் மணந்த ஒரு ஜோடியைப் பதிய மறுத்த வழக்கில்தான் 1963இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், பதிவதுதான் அதிகாரியின் வேலை, ஆராய்வதல்ல என்று தீர்ப்பளித்தது. சைப்ரஸ் நகராட்சிகளுக்கு இது நல்ல வருமானம். கொரோனாக் காலத்தில் அமெரிக்காவின் யூட்டா கவுன்டி காணொளித் திருமணம் தொடங்கியபோது இந்தப் பயணமும் தேவையற்றுப் போனது. அந்தத் திருமணங்களும் பதிவுக்குத் தகுதியுள்ளவை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்றது.

இந்தியாவில் எல்லையாக நிற்பது சாதியும் மதமும். தமிழில் இதற்கு இருக்கும் 'உடன்போக்கு' என்ற சொல் பழையது. கொடுப்பவர் இல்லாமலே கரணம் நடக்கலாம் என்று தொல்காப்பியக் கற்பியல் உடன்போனவர்களுக்கு இடம் விட்டிருக்கிறது. தற்காலச் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புகிறவர்களின் பெயரும் முகவரியும் 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும். தேடித் திரியும் வீட்டாருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. அதனால் இந்துக்கள் பெரும்பாலும் கோயிலிலோ ஆரிய சமாஜத்திலோ தாலி கட்டிவிட்டு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்கிறார்கள். பஞ்சாப், ஹரியானா ஜோடிகள் சண்டிகருக்கு ஓடுகிறார்கள். அங்கே திருமணச் சட்டம் தளர்வாக இல்லை. உயர் நீதிமன்றம் இருக்கிறது. கோயிலிலோ குருத்துவாராவிலோ மணந்த கையோடு உயிர்ப் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட அதுதான் இடம்.

தமிழ்நாட்டில் 1967இல் அண்ணா அரசு சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. புரோகிதரை விலக்குவதுதான் அதன் நோக்கம், ஓடிவருகிறவர்களை மனதில் வைத்து எழுதியதல்ல. ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும் என்ற அதன் வடிவம் பழைய ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே வக்கீல் அறைகள் பட்டறைகளாயின. அப்படி ரகசியமாக நடக்கும் மணம் செல்லாதென்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023இல் உச்ச நீதிமன்றம் தவறென்றது. பொதுவில் அறிவிக்கத்தான் வேண்டும் என்றால் உயிருக்கு ஆபத்துள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பது அதன் கேள்வி. கிரெட்னாவில் மோதிரம் மாட்டியதும் துரத்தல் முடிந்தது. தகப்பன் உயிலைத்தான் மாற்றினார். இங்கே பலருக்குத் துரத்தல் அப்போதுதான் தொடங்குகிறது. 2016இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவருக்கு மணமாகி எட்டு மாதம். கௌரவத்தின் பெயரால் நடக்கும் இத்தகைய வன்முறைக்கு எதிராக, மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

கிரெட்னா கிரீனில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் திருமணம் நடக்கிறது, முன்கூட்டி மனுக் கொடுத்து, பதிவாளர் முன்னிலையில். 1970இல் இங்கிலாந்து பெற்றோர் சம்மத வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தபின் ஓடிவரக் காரணமும் குறைந்தது. 16, 17 வயதினர் மட்டும் சம்மதமின்றி மணக்க ஸ்காட்லாந்து வரவேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி 27 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 ஆகாத எவரும் மணக்க முடியாது. ஸ்காட்லாந்தில் வயது இன்னும் 16தான். ஆனால் இந்தமுறை சட்டம் எழுதியவர்கள் சார்க் ஆற்றை மறக்கவில்லை: இங்கிலாந்தையோ வேல்ஸையோ நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர் 18க்குமுன் ஸ்காட்லாந்தில் போய் மணந்தாலும் அந்த மணம் ஊர் திரும்பினால் செல்லாது.